சத்தமாகச் சொல்லச் சொன்ன டீச்சர்

டீச்சரின் அறைக்குக் கதவு இருக்கவில்லை. நிலை இருந்தது, கீல் பிடுங்கிய தழும்புகள் இருந்தன, கதவு மட்டும் இல்லை. ஹட்டனில் ஒரு கோழிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் மனநல நிறுவனம் குடியேறிய அன்றே அதைக் கழற்றச் சொல்லிவிட்டாராம். கழற்றிய கதவை வீணாக்கவும் இல்லை. செங்கல் அடுக்கி அதன்மேல் படுக்க வைத்து, நாங்கள் மத்தியானச் சோறு சாப்பிடும் மேசையாக்கிவிட்டார். மனக்கஷ்டத்தைச் சொல்ல வருகிறவர்களுக்கு மூடிய அறை ஒன்று வேண்டாமா என்று, மாதம் ஒருமுறை வருகிற டாக்டர் கேட்டிருக்கிறார். "மூடி மூடி வச்சதுனாலதான் டாக்டர் இவங்க இங்க வந்து நிக்கிறாங்க" என்று சொல்லி, அவருக்கும் அந்தக் கதவின் மேலேயே சோறு போட்டு அனுப்பினார்.

நிறுவனத்துக்கு அவர்தான் பணிப்பாளர். ஆனாலும் எல்லாருக்கும் டீச்சர்தான். முன்பு றொசல்லப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்பும் நடக்கிற பள்ளிக்கூடம். பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுக்கு மேலே தன் குரலை ஏற்றி ஏற்றிப் பழகியதால், வேலையை விட்ட பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. அவர் தொலைபேசியில் பேசினால் கீழே கோழிக்கடைக்காரர் பதில் சொல்வார்.

நேர்முகப் பரீட்சைக்கு நான் போனபோது அந்தக் கதவு மேசையின் ஓரத்தில்தான் உட்கார வைத்தார். என்ன படித்திருக்கிறேன், அப்பா அம்மா என்ன வேலை என்று கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா இல்லை, அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார் என்று சொன்னது எனக்கே கேட்டிருக்காது.

"சத்தமா சொல்லுங்க தம்பி. அம்மா மலையேறிக் கொழுந்தெடுத்துப் படிக்க வச்சது, நீங்க இங்க வந்து முணுமுணுக்கிறதுக்கா?"

சத்தமாகச் சொன்னேன். இன்னும் சத்தமா என்றார். மூன்றாந்தரம் நான் கிட்டத்தட்டக் கத்தினேன். கீழே கோழி வெட்டும் சத்தம் ஒரு கணம் நின்றது. டீச்சர் மேசையைத் தட்டிச் சிரித்தார். வெளிக்கள உத்தியோகத்தர் என்று எனக்கு வேலை கிடைத்தது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது நெஞ்சுக்குள் ஏதோ அடைப்பு எடுத்துவிட்டது போல இருந்ததை மறுக்க மாட்டேன். அவரிடம் பழகிய எவருக்கும் அப்படி ஒரு நாள் இருக்கும்.

ஏன் இப்படி என்று யாரும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை. எந்த மேடையில் ஏறினாலும் அவரே சொல்லிவிடுவார். அவருடைய அண்ணனுக்குப் பதினாறு பதினேழு வயதில் புத்தி கலங்கியிருக்கிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், சமைக்கிற குசினியின் மூலையில் காலில் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். விருந்தாளி வந்தால் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். அண்ணன் எங்கே என்று கேட்டால் கொழும்பில் கடையில் நிற்கிறான் என்பார்கள். வீட்டுக்குள் எல்லாரும் கிசுகிசுவென்றே பேசிப் பழகினார்கள். ஒரு மழைக்காலத்தில் அவன் செத்துப்போனான். கொழும்பில் இருந்தவன் எப்படி இந்தக் குசினியில் கிடக்கிறான் என்று சனம் அன்றைக்குத்தான் கேட்டதாம்.

"எங்கண்ணன அந்த வருத்தம், அந்த நோய் கொல்லல. நாங்க எல்லாரும் மெதுவாப் பேசிப் பேசித்தான் கொன்னோம்" என்று முடிப்பார். கூட்டத்தில் பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். நான் அதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அது ஒப்பிப்பதாக எனக்குப் படவில்லை.

அந்தக் குரலால் நடந்த நல்லதுகளையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் எங்கள் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, அங்கே வேலை செய்கிற ஒருவர் "பிஸ்ஸு கிளினிக் இந்தப் பக்கம்" என்று, பைத்தியத்தைக் குறிக்கிற சிங்களச் சொல்லைக் கூவி வழி காட்டினார். டீச்சர் அவர் முன்னால் போய் நின்றார். யாருக்குப் பிஸ்ஸு, எனக்கா, உங்களுக்கா, சத்தமாகச் சொல்லுங்கள் என்று, அவருடைய சிங்களத்தைவிட நல்ல சிங்களத்தில், நடை முழுவதும் எதிரொலிக்கக் கேட்டார். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கும்வரை நகரவில்லை. மன்னிப்பையும் சத்தமாகவே கேட்க வைத்தார். நானும் எங்கள் வேன் ஓட்டுநரும் கை தட்டாத குறை.

அன்று வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றதை நான் பார்த்தேன். சண்டையைப் பார்க்க நடை முழுக்கக் கூட்டம் கூடியிருந்தது. அந்தக் கூட்டத்தில் தங்கள் தோட்டத்துக்காரர் யாராவது இருக்கிறார்களா என்பதுதான் அவர்களுடைய கவலை. அதை டீச்சர் பார்த்தாரா என்று தெரியாது. வேனில் ஏறியதும் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

சுவர்ப் பக்கம் திரும்பி நின்றவர்களில் முத்துலெட்சுமி அக்காவும் ஒருவர்.

திம்புள்ளப் பக்கம் எங்கள் தோட்டத்தில், எங்கள் லயத்துக்கு மேல் லயத்தில் இருந்தார். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு தூக்கம் போய், பிள்ளை தன்னுடையது இல்லை என்று சொல்ல ஆரம்பித்து, ஒருநாள் குழந்தையைத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பல மாதங்கள் அவர் கையில் கொடுக்கவே இல்லை. புருசன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை. கோயிலில் மந்திரித்தார்கள். கொஞ்சம் தெளிந்தது, மறுபடி கலங்கியது. எனக்கு வேலை கிடைத்த புதிதில், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"மருந்துக்கு வாறேன் தம்பி. ஆனா யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா இந்தத் தடவை ரெண்டு புள்ளையையும் பிரிச்சிருவாங்க."

நான் சத்தியம் செய்துகொடுத்தேன். கிளினிக் நாளில் அவர் வேலைக்குப் போகாமல் அந்த நாளுக்குரிய பேரை, அதாவது நாட்கூலியை, இழந்துவிட்டு, கீழ் ரோட்டில் பஸ் ஏறிவிடுவார். மாமியாரிடம் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, மருந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார். சொன்ன பொய்யை அவர் கட்டிக் காத்த விதத்தை நான் இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். அன்றிலிருந்து தேத்தண்ணிக்குச் சீனி போட்டதில்லை. தீபாவளிக்குப் பலகாரம் தொட்டதில்லை. கோயில் பொங்கலைக்கூடப் பிள்ளை வாயில் ஊட்டிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். மாமியார் அதை நம்பி, சீனி வருத்தத்துக்கு நல்லதென்று மருமகளுக்காகக் குரக்கன் மா வாங்கி ரொட்டி சுட்டுக் கொடுக்கத் தொடங்கினார். குரக்கன் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு அக்கா மாத்திரை போட்டுக்கொள்வார். குணமாகிக்கொண்டு வந்தார். குழந்தை அவர் முதுகில் தூங்கியது. மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்குத் தலைவாரி அனுப்பினார். கொழுந்து நிறுக்கும்போது அவர் சிரிக்கிற சத்தம் கீழே எங்கள் லயத்துக்குக் கேட்கும்.

இப்படி இருக்கும்போதுதான் டீச்சர் தன் வாழ்க்கையின் பெரிய வெற்றியைப் பெற்றார்.

கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஒருநாள் பேரை இழக்கிறார்கள், அதனால்தான் பாதியில் மருந்தை நிறுத்துகிறார்கள் என்று அவர் வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். அது உண்மைதான். எங்கள் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் நடையாய் நடந்து, கடைசியில் கிளினிக் நாளுக்கும் முழுப் பேர் போட அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். இந்த மலைகளில் வேறெங்கும் அப்படி நடந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கு எங்கள் கதவு மேசையில் கேக் வெட்டினோம்.

துரை கேட்டது ஒன்றே ஒன்று. இன்றைக்கு யார் கிளினிக் போகிறார்கள் என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டைப் பின்னேரம் அலுவலகத்தில் கொடுத்தாலும் போதும் என்றார். பக்கத்தில் இருந்த எனக்கு மூச்சு வந்தது. டீச்சர்தான் வேண்டாம் என்றார். காலையில் பெரட்டில், எல்லாரும் கூடி நிற்கிற இடத்தில், கொழுந்துக்கு இன்னார், புல்வெட்ட இன்னார் என்று வேலை பிரிக்கிறார்கள் அல்லவா, அதோடு சேர்த்து மனநலக் கிளினிக்குக்கு இன்னார் என்றும் கூப்பிட வேண்டும் என்றார். கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்குக்கு அப்படித்தானே கூப்பிடுகிறார்கள், அதில் யார் வெட்கப்பட்டார்கள் என்று கேட்டார். துரைக்கு எதுவானாலும் சரி. வெளியே வந்ததும் கணக்கப்பிள்ளையை நிறுத்தி இன்னொன்றும் சொன்னார்.

"ஒருதரம் கூப்பிட்டுக் குரல் வரலேன்னா விட்டுறாதீங்க. வெக்கப்பட்டுப் பின்னால நிப்பாங்க. மறுக்காவும் சத்தமா கூப்பிடுங்க. நாலு மாசம் போனா எல்லாம் பழகிரும்."

அந்த வாரக் கூட்டத்தில் நான் எழும்பிப் பேசினேன். பேர் கூப்பிட்டால் ஆட்கள் வரமாட்டார்கள், துண்டு முறையே போதும் என்றேன். முத்துலெட்சுமி அக்காவின் பேரைச் சொல்லாமல் சீனி வருத்தக் கதையையும் சொன்னேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, சீனி என்று சொல்வதற்கும் கொழும்பில் கடையில் நிற்கிறான் என்று சொல்வதற்கும் என்ன வித்தியாசம் தம்பி என்று கேட்டார். இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஒன்று வருத்தக்காரனைக் கட்டி வைத்தவர்கள் சொன்ன பொய். மற்றது வருத்தக்காரியே தான் அவிழ்ந்து போவதற்காகச் சொன்ன பொய். அன்றைக்கு அது வாய்க்கு வரவில்லை.

நிறுவனத்தின் தலைவர் ஹட்டனில் மருந்துக்கடை வைத்திருந்த வயதானவர். கடைசியாகப் பேசுகிறவர் பக்கம் சாய்வது அவர் வழக்கம். தம்பி சொல்வதும் சரி, டீச்சர் சொல்வதும் சரி என்றார். பிறகு டீச்சர் இன்னொரு தடவை பேசியதால் டீச்சர் சொல்வதே சரி என்றானது. தேத்தண்ணி ஆறுகிறது என்று கூட்டத்தை முடித்தார்.

அக்காவிடம் போய் முன்கூட்டியே சொன்னேன். அந்த மாதம் பேரைக் கொடுக்காமல் விட்டுவிடலாமா என்று கேட்டார். விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மருந்து எடுக்கிறவர்களின் பேர் டீச்சருக்கு மனப்பாடம். கணக்கப்பிள்ளையிடம் அவரே நேரில் சொல்லியிருந்தார்.

அந்தக் காலை நான் பெரட்டுக்களத்தில் இல்லை. என் அம்மா இருந்தார். மழை தூறிக்கொண்டிருந்ததாம். எல்லாரும் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக் கூடையோடு நின்றார்களாம். கணக்கப்பிள்ளை வேலை பிரித்து முடித்து, அடுத்தது மனநலக் கிளினிக் என்றாராம். முதலில் கூப்பிட்ட கிழவர் அப்பாவியாகக் கை தூக்கினார். அடுத்தது முத்துலெட்சுமி. குரல் வரவில்லை. மறுபடி, சத்தமாக, முத்துலெட்சுமி. பக்கத்தில் நின்ற பொம்பளைகள் விலகி இடம் விட்டதால் அவர் தானாகவே தனியே தெரிந்தார். யாரோ ஒரு பெடியன், அப்ப சீனி தலைக்கு ஏறிருச்சா என்று கேட்டானாம். சிரிப்பு எழும்பியது. மாமியாரும் அங்கேதான் நின்றார், சில்லறை வேலைக்கு வந்த கிழவிகளோடு.

அக்கா அன்று கிளினிக்குக்கும் போகவில்லை, மலைக்கும் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்திருந்தார். பின்னேரம் மாமியார் வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏசவில்லை. அடுப்பு மூட்டித் தேத்தண்ணி ஊற்றினார். அதில் சீனி போட்டார். போட்டுக் கலக்கி, மருமகள் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த சின்னதைத் தூக்கிக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டார். மூத்தவளும் பின்னால் போனாள். இதை அக்காவே பிறகு என் அம்மாவிடம் சொன்னார். அந்தத் தேத்தண்ணியைக் குடித்தீர்களா என்று அம்மா கேட்டிருக்கிறார். குடித்தேன் என்றாராம். ஒரு வருசத்துக்கு மேலே ஆகிவிட்டதால் நாக்கில் ஒட்டவே இல்லையாம்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மருந்து குடிக்கிறவள் சரிவில் விழுந்துவிடுவாள் என்று கங்காணி அவரை மலைக்கு விடாமல் ரோடு கூட்டப் போட்டார். பீலியில் அவர் தண்ணீர் பிடித்து முடியும்வரை மற்றவர்கள் குடத்தோடு தள்ளி நின்றார்கள். மருந்தை நிறுத்தினார். நான் மாத்திரையை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே திருப்பிக் கொடுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் பழையபடி தூக்கம் போய்விட்டது. புருசன் கொழும்பிலிருந்து வந்து, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அவருடைய தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். பிள்ளைகள் இங்கே.

"ஒங்க டீச்சர் நல்லவங்கதான்டா" என்றார் அம்மா, சோறு போட்டுக்கொண்டே. "அதான் அவங்கள ஒண்ணும் கேக்க முடியல."

செய்தி தெரிந்ததும் டீச்சர் அன்றைக்கே வேனை எடுக்கச் சொன்னார். இதையும் சொல்ல வேண்டும். அவர் யாரையும் கைவிடுகிறவர் அல்ல. நோட்டன் பிரிட்ஜுக்குப் போகிற வழியெல்லாம் சட்டம், உரிமை, பிள்ளைகளை மீட்பது எப்படி என்று பேசிக்கொண்டே வந்தார். நிறுவனத்தின் பேரைப் பெரிய எழுத்தில் எழுதிய வேன், அந்த லயத்தின் வாசலில் போய் நின்றது. பிள்ளைகள் ஓடி வந்து எழுத்துக் கூட்டி வாசித்தன. எல்லா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். டீச்சர் இறங்கினார்.

"முத்துலெட்சுமி, வெளிய வாங்க. மறைஞ்சு இருக்கிறதுக்கு நீங்க என்ன களவா எடுத்தீங்க? வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல."

அக்கா வெளியே வந்தார். மெலிந்திருந்தார். முடி வெட்டப்பட்டிருந்தது. டீச்சருக்கு எதிரே வந்து, எல்லாரும் பார்த்திருக்க, தெளிவாகவே பேசினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் சீனி வருத்தக்காரியா நல்லாத்தான் இருந்தேன் டீச்சர். நீங்கதான் என்னையப் பைத்தியக்காரி ஆக்குனீங்க."

திரும்பி உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

டீச்சர் கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஹட்டன் வந்ததும் ஓட்டுநர் ரேடியோவைக் கூட்டப் போனார். டீச்சர் கையை நீட்டி அதை அணைத்தார்.

அடுத்த கிளினிக் நாள் விடிந்தபோது, வேனை எங்கள் தோட்டத்துக் கோயில் வளைவிலேயே நிறுத்தச் சொன்னார். அங்கிருந்து பெரட்டுக்களத்துக்கு நல்ல ஏற்றம். மூச்சு வாங்க நடந்து வந்தார். நானும் கூட நடந்தேன். எதற்கு வருகிறார் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது.

களத்தில் எல்லாரும் கூடையோடு நின்றார்கள். பேச்சும் இருமலும் நாய்க் குரைப்புமாக ஒரே இரைச்சல். வேலை பிரித்து முடிந்து, கணக்கப்பிள்ளை அடுத்தது கூப்பிடத் தொண்டையைச் செருமினார். டீச்சர் கிட்டே போய், அவர் காதுப் பக்கம் குனிந்து, எதையோ மெதுவாகச் சொன்னார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

கணக்கப்பிள்ளை நல்ல மனுசன். மரியாதையாகத்தான் குனிந்தார்.

"என்னங்க டீச்சர்? கேக்கலீங்க. சத்தமா சொல்லுங்க."

களம் அடங்கிவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் முத்துலெட்சுமி அக்காவின் மாமியார் நின்றார். முதுகில் சின்னது துணிக்குள் தூங்கியது. டீச்சரின் உதடு அசைந்தது. அவர் கேட்க வந்ததை அந்த இடத்தில் சத்தமாகச் சொல்வதென்றால் என்னவென்று சொல்ல வேண்டும்? பேரைக் கூப்பிடாதீர்கள், இது வெளியே தெரியக்கூடாத வருத்தம் என்றா?

"ஒண்ணுமில்ல" என்றார் டீச்சர். "நீங்க கூப்பிடுங்க."

கணக்கப்பிள்ளை கூப்பிட்டார். கிழவர் கை தூக்கினார். அவரைத் தவிர வேறு யாரும் கை தூக்கவில்லை. அடுத்த பேர் முத்துலெட்சுமி. தோட்டத்தில் அவருடைய பேர் இன்னும் வெட்டுப்படவில்லை. குரல் வரவில்லை.

கணக்கப்பிள்ளை ஒரு முறை டீச்சரைப் பார்த்தார். பிறகு, அவர் சொல்லிக் கொடுத்திருந்தபடியே, மறுபடியும் சத்தமாகக் கூப்பிட்டார்.